பெரிய எழுத்து வேதாகமம் வாங்குவதற்கு முன்: கண், எழுத்து, எடை, வெளிச்சம்

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், கண்புரை அறுவை முடிந்துவிட்டது. தினமும் காலையில் வேதம் வாசிப்பவர். பழைய பைபிளின் எழுத்து தெரியவில்லை என்கிறார். இணையத்தில் ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தும் அதுவும் சிறியதாகவே இருக்கிறது. எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பதிப்பின் பெயரை மட்டும் சொன்னால் இரண்டாவது பைபிளும் அலமாரிக்குத்தான் போகும். அவருடைய கண்ணுக்கு எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும் என்பதை முதலில் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். அந்த அளவு கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதையும் அட்டையில் போட்டிருப்பதையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

அதற்கும் முன்னால் கண்ணாடி. கண்புரை அறுவையில் பெரும்பாலும் வைக்கப்படுவது தூரப் பார்வைக்குக் கணக்கிட்ட ஒற்றைக் குவிய லென்ஸ். அதை வைத்துக்கொண்டவருக்கு வாசிக்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். அறுவைக்கு முன் போட்டிருந்த கண்ணாடியையே இன்னும் போடுகிறாரா என்று பாருங்கள். அறுவைக்குப் பின் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தெளிவாகத் தெரிந்து, பிறகு மெல்ல மங்கியிருந்தால், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உறை மங்கலாகியிருக்கலாம். அது லேசர் சிகிச்சையில் சில நிமிடங்களில் சரியாகிவிடும். நேர்க்கோடுகள் வளைந்து தெரிகின்றன, படிக்கும்போது வார்த்தையின் நடுப்பகுதி மறைகிறது என்றால் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பார்வையும் மாறும். அந்த நாட்களில் கண்ணாடிக்கு அளவு எடுக்காதீர்கள்.

கண்ணாடி விஷயத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று தூரம். 100-ஐ வாசிப்புக் கண்ணாடியின் பவரால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டரில் தெளிவு கிடைக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். +2.50 என்றால் 40 செ.மீ. சிறிய பைபிளைக் கையில் ஏந்திப் படிக்கும்போது அந்தத் தூரம் சரியாக இருக்கும். ஒன்றரைக் கிலோ பைபிளை ஏந்த முடியாது. அது மடிக்கோ மேசைக்கோ இறங்கிவிடும், தூரம் 50 செ.மீ.க்கு மேல் போய்விடும். பெரிய எழுத்தாக வாங்கியும் மங்கலாகத் தெரிகிறது என்ற குறை பல வீடுகளில் வருவது இதனால்தான். மேசையில் வைத்துப் படிப்பவர் என்றால், கண்ணிலிருந்து பக்கம் வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். தூரத்துக்கு மேலேயும் வாசிக்கக் கீழேயும் என இரண்டு பவர் உள்ள பைஃபோகலின் கீழ்த்துண்டு வழியாகப் பெரிய பக்கத்தை மேலிருந்து கீழே படிக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கழுத்து வலிக்கும். வாசிக்க மட்டும் என்று முழு லென்ஸும் ஒரே பவரில் ஒரு தனிக் கண்ணாடி இருப்பது நல்லது.

இப்போது எழுத்தின் அளவு. ஒரு கணினியில் தமிழ் எழுத்துருவில் ஒரே பகுதியை 10, 12, 14, 16, 18, 20, 24 பாயிண்ட் அளவுகளில் தட்டச்சு செய்து, தனித்தனித் தாளில் அச்சிடுங்கள். இதற்கு 23-ஆம் சங்கீதத்தை எடுக்கக் கூடாது. அவருக்கு அது மனப்பாடம். எழுத்து தெரியாவிட்டாலும் வாசித்துவிடுவார். 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் பெயர்ப் பட்டியல். ஊகித்துப் படிக்க வழியில்லை. வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில், வாசிப்புக் கண்ணாடியோடு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறியாவது படித்துவிடுகிற மிகச் சிறிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தால்தான் நெடுநேரம் சோர்வில்லாமல் வாசிக்க முடியும். 10 பாயிண்ட்டைத் தட்டுத் தடுமாறிப் படிப்பவருக்கு 18, 20 தேவைப்படும். தேர்ந்த அளவில் சங்கீதம் 119-ஐ அச்சிட்டுக் கொடுங்கள். 176 வசனங்கள் உள்ள மிக நீண்ட அதிகாரம் அது. பாதியில் கண்ணைக் கசக்கினால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

பெரிதாக்கினால் எல்லோருக்கும் உதவும் என்று நினைக்க வேண்டாம். கண் அழுத்த நோயால் பார்வைப் பரப்பு சுருங்கியவருக்கு எழுத்து மிகப் பெரிதானால் ஒரு பார்வையில் அடங்கும் எழுத்துகள் குறைந்து, வாசிப்பு இன்னும் மெதுவாகும். அவர்களுக்கு நடுத்தர அளவும் நல்ல வெளிச்சமும் கருமையான அச்சும்தான் வேண்டும். சோதனைத் தாளில் 24-ஐ விட 16-ஐ வேகமாகப் படிக்கிறார் என்றால் 16-தான் அவருடைய அளவு.

சரியான தாள் கிடைத்ததும், அதில் ‘ப’ என்ற எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து வரிகள் எவ்வளவு உயரம் பிடிக்கின்றன என்பதையும் அளந்துகொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது தேவைப்படுவது இந்த இரண்டு அளவுகளும்தான். பாயிண்ட் என்பது எழுத்துக்கு ஒதுக்கிய கட்டத்தின் உயரம். ஒரு பாயிண்ட் ஏறத்தாழ 0.35 மி.மீ. மேலே கொம்பும் கீழே சுழியும் வரத் தமிழ் எழுத்துருக்கள் அந்தக் கட்டத்தில் நிறைய இடம் விட்டுவைக்கும். எவ்வளவு விடும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். இரண்டு பைபிள்களிலும் 14 பாயிண்ட் என்றே போட்டிருக்கும், ஒன்றின் ‘ப’ மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சிறியதாக இருக்கும். அளவுகோல் அங்கே பொய் சொல்லாது.

‘பெரிய எழுத்து’ என்ற முத்திரைக்குப் பொதுவான கட்டாய அளவு எதுவும் இல்லை. பிரிட்டனில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் ஆர்.என்.ஐ.பி. 16 பாயிண்ட்டில் தொடங்கித்தான் பெரிய எழுத்து என்கிறது. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான அச்சகம் 18 பாயிண்ட்டைப் பரிந்துரைக்கிறது. ஆங்கிலப் பைபிள் வெளியீட்டாளர்களோ 10, 11 பாயிண்ட்டையே ‘லார்ஜ் பிரிண்ட்’ என்பார்கள். 13, 14 வந்தால் ‘ஜயன்ட் பிரிண்ட்’. ஏமாற்றும் நோக்கம் என்று சொல்ல மாட்டேன். முழு வேதாகமத்தையும் 18 பாயிண்ட்டில் ஒரே புத்தகமாகக் கட்டினால் தூக்கவே முடியாது. எழுத்தை 10-லிருந்து 14-க்கு ஏற்றினால் உயரம், அகலம் இரண்டும் கூடுவதால் காகிதத் தேவை 1.96 மடங்காகிறது. எடையும் அதே கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கையே இணையத்தில் வாங்கும்போது உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். வீட்டில் இருக்கும் பழைய பைபிளின் நீளம், அகலம், பக்க எண்ணிக்கை மூன்றையும் பெருக்குங்கள். விளம்பரத்தில் உள்ள புதியதற்கும் அப்படியே பெருக்குங்கள். புதியதைப் பழையதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எழுத்து எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். உதாரணமாக, பழையது 12×18 செ.மீ., 1,300 பக்கம் என்றால் 2,80,800. புதியது 14×21 செ.மீ., 1,300 பக்கம் என்றால் 3,82,200. விகிதம் 1.36, வர்க்கமூலம் 1.17. எழுத்து 17 சதவீதம்தான் பெரிதாகும். அவருக்கு வித்தியாசமே தெரியாது. அதுவே 17×24 செ.மீ., 1,500 பக்கம் என்றால் விகிதம் 2.18, எழுத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரண்டும் ஒரே மொழிபெயர்ப்பாகவும், விளக்கவுரையோ ஆய்வுக் குறிப்புகளோ சேராததாகவும் இருந்தால்தான் இது பொருந்தும். படங்களும் குறிப்புகளும் நிறைந்த ஆய்வு வேதாகமம் பக்கத்தில் பெரிதாக இருந்தும் எழுத்தில் சிறியதாக இருப்பது சகஜம். விற்பவரிடம் ஒரு பக்கத்தின் மேல் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் படிக்க முடியாமல் போவதற்குத் தமிழ் எழுத்துக்கே உரிய காரணங்கள் உண்டு. முதலாவது, மெய்யெழுத்தின் புள்ளி. அச்சு மெலிந்தால் முதலில் மறைவது அதுதான். ‘க்’ ‘க’ ஆகிவிடும். அடுத்தது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும்: ‘கெ’, ‘கே’ இரண்டும் மேல் சுழியில்தான் வேறுபடுகின்றன. ண, ன, ஞ, ஐ போன்ற சுழிகள் உள்ள எழுத்துகள் தடித்த அச்சில் மை அடைத்துக் கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் முழுத் தடிமனும் வேண்டாம், மெலிந்த கோடும் வேண்டாம். சுழிக்குள் வெள்ளை தெளிவாகத் தெரிய வேண்டும். வரி இடைவெளி இன்னொன்று. மேல் வரியின் ‘ணூ’வின் வால் கீழ் வரியின் ‘கி’யின் கொக்கியைத் தொடும்படி நெருக்கி அச்சிட்டிருந்தால் 16 பாயிண்ட்டும் வீண். 16 பாயிண்ட் எழுத்தில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு 20 பாயிண்ட் இருந்தால் பத்து வரிகள் ஏறத்தாழ 71 மி.மீ. பிடிக்கும்.

பத்தி அமைப்பையும் பாருங்கள். வேதாகமங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் இரண்டு பத்தியாக, அதாவது செய்தித்தாள் போல இரண்டு நெடுவரிசையாக இருக்கும். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ‘சொல்லியிருக்கிறபடியினால்’ போன்ற நீண்ட சொற்கள் வரும்போது, பெரிய எழுத்தில் ஒரு பத்தி வரிக்கு மூன்று சொல்தான் அடங்கும். சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், உடைந்ததற்கு அடையாளக் கோடும் இருக்காது. மூத்தவர்கள் அங்கேதான் இடம் தவறுவார்கள். 16-க்கு மேல் போனால் ஒற்றைப் பத்தியே மேல். ஒவ்வொரு வசனமும் புது வரியில் தொடங்குவதும், வசன எண் வசனத்தின் எழுத்துக்கு ஏறக்குறைய சமமாக இருப்பதும் நல்லது. போதகர் வசனம் சொன்னதும் சபையில் தேடி எடுக்க உதவும். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு வசன எண்ணைக் கண்ணுக்கு எட்டாத பொடியாக விட்ட பதிப்புகளும் இருக்கின்றன. நடுப்பத்தியில் இணை வசனக் குறிப்புகள் போட்ட பதிப்பு அவருக்கு வேண்டாம். அந்தக் குறிப்புகளை அவர் படிக்கப் போவதில்லை, அவை எழுத்தின் இடத்தைத் தின்றுவிடும்.

இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்பைப் பலர் விரும்பி வாங்குகிறார்கள். 1899-இல் நியூயார்க்கில் லூயிஸ் கிளாப்ஷ் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கிய வழக்கம் அது. பார்வை மங்கியவருக்கு அது இடைஞ்சல். வெள்ளைத் தாளில் சிவப்பின் வேறுபாடு கறுப்பைவிடக் குறைவு. மஞ்சள் பல்பின் கீழ் இன்னும் குறையும். சில அச்சில் அது சிவப்பாகவே இருக்காது, ரோஸ் நிறத்தில் வெளிறி இருக்கும். நான்கு சுவிசேஷங்கள்தான் ஒருவர் அதிகம் வாசிக்கும் பகுதி. அதையே மங்கலாக்கிக் கொடுக்கக் கூடாது. முழுவதும் கறுப்பில் உள்ளதை வாங்குங்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: அவர் இதுவரை வாசித்த மொழிபெயர்ப்பையே வாங்குங்கள். ஐம்பது ஆண்டுகள் ஒரே வாசகத்தை வாசித்தவர் பாதி எழுத்தைக் கண்ணாலும் பாதியை நினைவாலும் படிக்கிறார். மொழிபெயர்ப்பை மாற்றினால் அந்தத் துணை போய்விடும். பெரிய எழுத்தாக இருந்தும் தடுமாறுவார். சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வழக்கில் இருப்பது ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வந்த பழைய திருப்புதல். இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடுகிறது. 66 புத்தகங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், 73 நூல்கள். பழைய பைபிளைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்: ஆதியாகமம், சங்கீதம் என்றிருந்தால் முதலாவது; தொடக்க நூல், திருப்பாடல்கள் என்றிருந்தால் இரண்டாவது. எளிய தமிழ்ப் பதிப்பு நல்லதுதான், ஆனால் அது புதிதாக வாசிக்கத் தொடங்குபவருக்கு. இலங்கையில் இருப்பவர்கள் இலங்கை வேதாகமச் சங்கத்தில் கேட்கலாம்.

எடையைக் கடைக்குப் போகும் முன்பே கணக்கிடலாம். பைபிள் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 28 முதல் 40 கிராம் வரை இருக்கும்; சாதாரண நோட்டுத் தாள் 60, 70. 17×24 செ.மீ. அளவில் 1,500 பக்கம் என்றால் 750 தாள், ஏறத்தாழ 30.6 சதுர மீட்டர். 40 கிராம் தாளில் 1,224 கிராம். அட்டையோடு ஒன்றரைக் கிலோவைத் தொடும். மணிக்கட்டில் வலி, மூட்டு வாதம், கை நடுக்கம் உள்ளவர் அதைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போக முடியாது. தாளை மெலிதாக்கினால் எடை குறையும், ஆனால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும். அந்த நிழல் பார்வை குறைந்தவரை எழுத்தின் சிறுமையை விட அதிகம் தொந்தரவு செய்யும். ஒரு பக்கத்தின் கீழே கறுப்பு அட்டையைச் செருகிப் பாருங்கள். வாசிப்பு சட்டென்று தெளிந்தால் அந்தத் தாள் மிக மெலிது. வாங்கியாகிவிட்டது என்றால் அந்தக் கறுப்பு அட்டையையே பக்கக் குறியாக உள்ளே வைத்துவிடுங்கள்.

ஆகவே 16 பாயிண்ட்டுக்கு மேல் தேவைப்படுபவருக்கு, முழு வேதாகமத்தை ஒரே கட்டாக வாங்குவதைவிடப் புதிய ஏற்பாடும் சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டும் உள்ள பெரிய எழுத்துப் பதிப்பு கிடைக்குமா என்று முதலில் தேடச் சொல்வேன். கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். இண்டியன் ரிவைஸ்டு வெர்ஷன் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு திறந்த உரிமத்தில் இணையத்தில் கிடைக்கிறது. அச்சிட்டுக்கொள்ளத் தடை இல்லை. பழைய திருப்புதலுக்குப் பழகியவருக்கு நடையில் சில மாற்றங்கள் தெரியும், ஆனால் புத்தகப் பெயர்கள் அதே. சங்கீதப் புத்தகத்தை 20 பாயிண்ட்டில், ஒற்றைப் பத்தியில், ஏ4 தாளில் அச்சிட்டு ஸ்பைரல் போட்டால் மேசையில் தட்டையாகக் கிடக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் தனிக் கட்டாக்கிக் கொடுத்தால் கையில் எடுப்பது எதுவும் கனமாக இருக்காது. 80 கிராம் தாள் போடுங்கள். 70-இல் இரு பக்கமும் அச்சிட்டால் நிழல் விழும்.

கடையில் பார்க்கும்போது கட்டுமானம் முக்கியம். முதுகை மேலிருந்து பாருங்கள். சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, மடிப்பின் நடுவில் நூல் தையல் இருந்தால் நல்லது. வெட்டிய தாள்களைப் பசையால் மட்டும் ஒட்டியது என்றால் தினமும் திறக்கும் பைபிளில் முதுகு வெடித்துத் தாள்கள் கழன்றுவிடும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தையும் திறந்து மேசையில் வையுங்கள். கை எடுத்ததும் மூடிக்கொண்டால் வேண்டாம். உள் ஓரத்தில் 15 மி.மீ. இடமாவது வேண்டும்; இல்லாவிட்டால் வரியின் முடிவு மடிப்புக்குள் புதைந்துவிடும். மூன்று நான்கு இடங்களில் திறந்து மை ஒரே கருமையாக இருக்கிறதா பாருங்கள்; ஒரு கட்டு கறுப்பாகவும் அடுத்தது சாம்பலாகவும் இருப்பது உண்டு. வெட்டுப்படாமல் மடிந்த மூலைகள் இருக்கின்றனவா என்றும் புரட்டிப் பாருங்கள்.

ஜிப் வைத்த உறை தூசியிலிருந்து காக்கும், ஆனால் எடை கூடும், விரல் வலிமை இல்லாதவருக்கு இழுப்பது சிரமம், ஜிப்பின் பல் தாள்களின் ஓரங்களைக் கிழிக்கும். தோல் போல் தெரியும் மலிவான செயற்கை உறை நம் ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். கெட்டியான துணி அட்டை அதைவிட நீடிக்கும். ஓரத்தில் விரல் நுழைய வெட்டிய தம்ப் இன்டெக்ஸ் மூத்தவர்களுக்கு உண்மையாகவே உதவும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆனால் அதில் அச்சிட்ட பெயர்ச் சுருக்கம் அவருக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம். டியூப் லைட் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருடைய நிழலே புத்தகத்தின் மேல் விழும். வளைக்கக்கூடிய மேசை விளக்கு ஒன்றை அவருடைய தோளுக்குப் பக்கவாட்டில், புத்தகத்திலிருந்து 40–50 செ.மீ. தூரத்தில், பல்பு கண்ணில் படாதபடி வையுங்கள். விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கண் கூசுகிறது என்றால் பல்பைக் குறைக்காதீர்கள், கோணத்தை மாற்றுங்கள். கூடவே, சாய்வாக நிற்கும் மரத் தாங்கி ஒன்று. பக்கம் கண்ணை நோக்கி நிமிர்ந்தால் கழுத்து குனியாது, தூரமும் மாறாமல் இருக்கும்.

24 பாயிண்ட்டும் போதவில்லை என்றால் அச்சிட்ட புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். பத்து அங்குல டேப்லெட்டில் வேதாகமச் செயலியைப் போட்டு எழுத்தைத் தேவைக்கு ஏற்றிக்கொள்ளலாம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் மாற்றலாம். ஒலி வேதாகமமும் தமிழில் இருக்கிறது. கையில் புத்தகம் வேண்டும் என்பவருக்குச் சங்கீதக் கட்டு மட்டும் பெரிய எழுத்தில், மற்றவை கேட்க என்று பிரித்துக் கொடுக்கலாம்.

புதிய பைபிள் வந்ததும் நடுவில் படாரென்று திறக்காதீர்கள், முதுகு ஒடியும். மேசையில் முதுகு கீழே படும்படி நிறுத்தி, முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் படுக்க வைத்து, முன்னிருந்து பத்துப் பதினைந்து தாள், பின்னிருந்து பத்துப் பதினைந்து தாள் என மாறி மாறி அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஓரத்தில் பொன்முலாம் பூசியிருந்தால் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் நடுங்கும் விரலால் பிரிக்கப் போய்க் கிழிக்கும் முன் நீங்களே சில தாள்களாகப் பிரித்துக் கொடுங்கள். பழைய பைபிளில் அவர் கோடிட்ட வசனங்களையும் எழுதிவைத்த தேதிகளையும் புதியதில் மாற்றிக் கொடுத்தால் இரண்டுக்கும் இடையில் அலைய மாட்டார். அதற்கு ஜெல் பேனாவோ மார்க்கரோ வேண்டாம், மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறும். மென்மையான பென்சிலே போதும்.